நாற்காலி இருக்கிறது, டாக்டர் எங்கே?

(ஸ்ரீபெரும்புதூர் வட்டார வணிகர்களும் தொழிற்சாலை இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஒரு விரலைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு மழைக்காலம். இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்துத் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள் இரண்டு பேர், "பாய், வண்டி ஏதும் கிடைக்குமா?" என்று மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். அவர்களுடைய அறைத் தோழனுக்கு, வேலை செய்யும் இடத்தில் பிரஸ் மெஷினில் கை மாட்டிக்கொண்டதாம். ஒப்பந்தக்காரரின் ஆள் ஒரு கட்டைப் போட்டு, ஐந்நூறு ரூபாயைக் கையில் திணித்து அறைக்கு அனுப்பிவிட்டார். போய்ப் பார்த்தோம். வலது கையில் இரண்டு விரல்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

முதல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரிய கட்டடம். வாசலில் பதினோரு டாக்டர்களின் பெயர்ப் பலகை. உள்ளே இருந்தவர் ஒரே ஒரு டாக்டர். அவரும் அந்த இரவுக்கு மட்டும் வந்தவர். "எலும்பு டாக்டர் செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார்" என்றார்கள். அன்று புதன்கிழமை!

இரண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போனோம். அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் வருவதாகச் சொன்னார். ஆனால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் இல்லை. அவர் நாலு ஆஸ்பத்திரிகளுக்குப் போய் வருகிறவர். அந்த நேரத்தில் வேறோர் இடத்தில் சிசேரியனில் நின்றுகொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியுமா? அங்கே ஒரு தாயின் உயிர். இங்கே ஒரு விரல்.

நள்ளிரவு தாண்டிச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு விரல் தப்பியது. ஆள்காட்டி விரல் போய்விட்டது.

வண்டியில் போகும்போது அந்தத் தம்பி என்னிடம் கேட்டான்: "அப்ப நான் செவ்வாய்க்கிழமை அடிபட்டிருக்கணுமா, ஹஜ்ரத்?"

என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

ஆலைகள் வந்தன, டாக்டர்கள் வந்தார்களா?

சகோதரர்களே! நாம் வாழும் இந்த வட்டாரத்தைப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையின் முதல் கார் 1998இல் வெளியே வந்தது. 2006இல் நோக்கியா வந்தது. 2014இல் மூடிப் போனது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட் நிசான், 2012இல் டைம்லர் லாரி ஆலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு. சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் நீண்டுகொண்டே போகிறது. கால் நூற்றாண்டுக்கு முன் ஏரிக்கரையும் நெல் வயலுமாக இருந்த ஊர்களில் இன்று இரவும் பகலும் இயந்திரம் ஓடுகிறது.

அந்த இயந்திரங்களுக்கு முன்னால் நிற்பவர்கள் யார்? ராமநாதபுரத்துப் பையன், விழுப்புரத்துப் பெண், ஒடிசாக்காரன், பீகார்க்காரன். இவர்களில் ஏராளமானோர் ஒப்பந்தத் தொழிலாளிகள். இன்றைக்கு இந்தக் கம்பெனி, ஆறு மாதம் கழித்து வேறு கம்பெனி. சரி, இவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர் யார்? அவரும் தற்காலிக டாக்டர்! தொழிலாளியும் தற்காலிகம், டாக்டரும் தற்காலிகம். நோய் மட்டும் நிரந்தரம்!

நம் மாநிலத்தில் டாக்டர்களுக்குப் பஞ்சமா? இல்லை. ஆயிரம் பேருக்கு ஒரு டாக்டர் என்ற அளவுகோலைத் தமிழ்நாடு எப்போதோ தாண்டிவிட்டது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் திருவள்ளூர் இருந்தது, காஞ்சிபுரம் இல்லை. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, 1965 முதல் இருந்துவந்த செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியும் அந்த மாவட்டத்தின் கணக்குக்குப் போய்விட்டது. நாட்டுக்கே காரும் செல்போனும் செய்து கொடுக்கும் மாவட்டம், அரசு மருத்துவக் கல்லூரி இல்லாமல் நின்றது.

எந்தெந்த டாக்டர்?

"ஏதோ ஒரு டாக்டர் இருந்தால் போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது! இந்த வட்டாரத்தின் நோய்கள் தனி வகை.

பிரஸ் மெஷின் இருக்கும் இடத்தில் எலும்பு டாக்டரும் கை அறுவை நிபுணரும் வேண்டும். வெல்டிங் பொறியும் இரும்புத் தூளும் பறக்கும் இடத்தில் கண் டாக்டர் வேண்டும். கூலன்ட் எண்ணெயில் நாள் முழுக்கக் கை நனைப்பவனுக்குத் தோல் டாக்டர் வேண்டும். பெயின்ட் கடைக்காரனுக்கும் பாலிஷ் கடைக்காரனுக்கும் நெஞ்சக நோய் டாக்டர் வேண்டும். இரைச்சலில் எட்டு மணி நேரம் நிற்பவனுக்குக் காது டாக்டர் வேண்டும். இரவு ஷிப்டில் தூக்கம் கெட்டு, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வாங்கிக்கொண்டவனுக்குப் பொது மருத்துவர் வேண்டும். வீட்டை விட்டு வந்து அறைக்குள் குமுறுகிற பிள்ளைக்கு மனநல மருத்துவர் வேண்டும். இத்தனை பேரும் வந்தாலும், மயக்க மருந்து டாக்டர் ஒருவர் இல்லையென்றால் ஆபரேஷன் தியேட்டருக்குப் பூட்டுதான்.

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். மின்னணு ஆலைகளின் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதுப் பெண்கள். 2021 டிசம்பரில் என்ன நடந்தது? ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானது. நூற்றைம்பது பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். யார் எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று நம்பிக்கையாகச் சொல்ல ஆள் இல்லாததால் வதந்தி பரவியது. சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையே மறிக்கப்பட்டது. பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. நல்ல காரியம், பாராட்டுவோம். ஆனால் பதினெட்டாயிரம் பெண்கள் என்றால் அது ஒரு சிறு நகரம்! அந்த நகரத்துக்கு இரவு இரண்டு மணிக்கு வருகிற மகளிர் மருத்துவர் யார்? இந்தக் கேள்வியைக் கேட்பது நம் கடமையா இல்லையா?

மூன்று வகைத் தற்காலிகம்

இங்கே நிதானமாகச் சிந்திக்க வேண்டும். "தற்காலிக டாக்டரே கூடாது" என்று நான் சொல்ல வரவில்லை. தற்காலிகத்தில் மூன்று வகை உண்டு.

முதல் வகை: ஒருவர் விடுப்பில் போகிறார், பிரசவத்துக்குப் போகிறார், மேற்படிப்புக்குப் போகிறார். அவர் திரும்பி வரும்வரை இன்னொருவர் அந்த இடத்தில் உட்காருகிறார். இது தேவை. இது இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரியும் நடக்காது. ஆங்கில மருத்துவ உலகத்தில் இவரை 'லோகம்' என்பார்கள். 'இடத்தைப் பிடித்து வைத்திருப்பவர்' என்று பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கம் அது. அமெரிக்காவில் 1979இல் யூட்டா மாநிலத்தில் தொடங்கிய காம்ப்ஹெல்த் என்ற நிறுவனம் இதையே தொழிலாக நடத்தியது. மேற்குப் பகுதிக் கிராமங்களில் தனி ஆளாக நின்ற டாக்டர் ஒரு வாரம் ஊருக்குப் போக முடியாது. அவருக்குப் பதிலாக ஆள் அனுப்பினார்கள். இன்று அங்கே அவசர சிகிச்சை, மயக்கவியல், மனநலம், அறுவை என்று எல்லாத் துறைக்கும் இப்படி டாக்டர்கள் போகிறார்கள். கவனியுங்கள்! முதலில் ஓர் இடம் இருந்தது. பிறகுதான் அதைக் காக்க ஒருவர் வந்தார்.

இரண்டாம் வகை: வருகை தரும் நிபுணர். ஒவ்வோர் ஊரிலும் எல்லாத் துறை நிபுணரும் முழு நேரம் இருக்க முடியாது. வாரத்தில் இரண்டு நாள் கண் டாக்டர், ஒரு நாள் தோல் டாக்டர் என்றால் ஏற்கலாம். நாளும் நேரமும் மாறாமல் இருந்தால் இதுவும் நல்லதே. தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1997இல் வந்த ஆர்.சி.எச். திட்டக் காலத்திலிருந்து, அரசு மருத்துவமனையில் சிசேரியனுக்கு மயக்க டாக்டர் இல்லையென்றால், தனியாரிடமிருந்து ஒரு கேஸுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து அழைக்கிற ஏற்பாடு வந்தது. எத்தனையோ தாய்மார்கள் பிழைத்தார்கள். 2020இல் இன்னொரு விதி வந்தது. மருத்துவ மேற்படிப்பு மாணவர்கள் எல்லாத் துறையினரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணி செய்ய வேண்டும். இதுவும் நல்ல வழி. ஆனால் படிக்கிற டாக்டருக்கு மேலே நின்று சொல்லிக் கொடுக்க ஒரு நிரந்தர நிபுணர் அங்கே இருக்க வேண்டாமா?

மூன்றாம் வகைதான் ஆபத்து: நிரந்தரமாக நிரப்ப வேண்டிய இடத்தை நிரப்பாமல், "இந்தப் பதவி முற்றிலும் தற்காலிகமானது" என்று விளம்பரம் கொடுத்து, பதினோரு மாதம், ஓர் ஆண்டு என்று ஆள் பிடிப்பது. வருகிறவர் வேறு வேலை தேடிக்கொண்டே இருப்பார். கிடைத்ததும் போய்விடுவார். நாற்காலி மறுபடி காலி. மறுபடி விளம்பரம்.

இதற்குச் சாட்சி வேண்டுமா? 2020 டிசம்பரில் 2,000 மினி கிளினிக்குகள் அறிவித்துத் தொடங்கப்பட்டன. ஆயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட டாக்டர்கள் தற்காலிகமாக எடுக்கப்பட்டார்கள். 2022 ஜனவரியில் அந்தத் திட்டம் முடிந்தது என்று அறிவிப்பு வந்தது. யார் திறந்தார், யார் மூடினார் என்ற கட்சிச் சண்டைக்கு நான் வரவில்லை. அங்கே போய்ச் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த கிழவிக்கு அந்தச் சண்டையால் என்ன லாபம்?

டாக்டர் மாறிக்கொண்டே இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பீர்கள். காது கேளாமை ஒரே நாளில் வராது. இந்த ஆண்டுப் பரிசோதனையையும் மூன்று ஆண்டுக்கு முந்தைய பரிசோதனையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்குத்தான் இரைச்சல் காதைத் தின்னுவது தெரியும். இரைச்சலால் வரும் காது கேளாமை, எண்ணெயால் வரும் தோல் நோய் இவையெல்லாம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருந்தவை. கண்டுபிடிக்கும் டாக்டர் அரசு அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பிலும் இந்தக் கடமை தொடர்கிறது. ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறை வேண்டும் என்பதும் அப்படியே. ஆனால் ஏஜென்சி அனுப்பி, அடுத்த மாதம் இருப்போமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் இளம் டாக்டர், கம்பெனிக்கு எதிராகப் போகக்கூடிய ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவாரா? அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அவருடைய பயத்துக்கு விலை கொடுப்பது உங்கள் காது!

வடசென்னையில் முடிந்தது

நிரந்தரமாக ஒரு துறையை நட்டு வைத்தால் என்ன விளையும்? வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். துறைமுகமும் பட்டறைகளும் ஆலைகளும் நிறைந்த பகுதி அது. நசுங்கிய கையோடு தொழிலாளர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1971இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கைக் காயங்களுக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கினார். அரசு மருத்துவமனையில், ஏழைத் தொழிலாளிக்காக! அவரிடம் படித்தவர்கள் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக் கொடுத்தார்கள். இன்று நாடு முழுக்கக் கை அறுவை மருத்துவர்கள் அந்தப் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள். ஒருவர் ஓய்வு பெற்றால் நாற்காலி காலியாகாமல் இன்னொருவர் வந்து அமர்கிறார்.

பழைய தொழிற்பகுதிக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கிடைத்தது, புதிய தொழிற்பகுதிக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

யார் பணம்?

"அரசாங்கத்திடம் பணம் இல்லை" என்பார்கள். சகோதரர்களே, இது உங்கள் பணம்! 2019 ஜூலையிலிருந்து ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். மாதம் 16,000 ரூபாய் வாங்கும் ஒரு தம்பியின் கணக்கில் 120 ரூபாயும் 520 ரூபாயும் சேர்ந்து 640 ரூபாய் போகிறது. ஆண்டுக்கு 7,680 ரூபாய். இப்படி ஒரு லட்சம் பேர் என்று வைத்துக்கொண்டால் மாதம் ஆறு கோடியே நாற்பது லட்சம்! கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டுக் காத்திருக்கிறவர்கள் நாம். பிச்சை கேட்கவில்லை.

2022இல் ஸ்ரீபெரும்புதூரில் 100 படுக்கை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் எழுப்பக் கான்ட்ராக்டர் போதும். அதற்குள் எத்தனை நிபுணர் பணியிடங்கள், அதில் எத்தனை நிரந்தரம், எத்தனை ஓராண்டு ஒப்பந்தம் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கணக்கு.

நாம் செய்ய வேண்டியவை

தம்பிமார்களே, உங்களுக்கு முதலில் சொல்கிறேன்.

ஒன்று: சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் பிடித்துவிட்டு எண் தராத ஒப்பந்தக்காரர்கள் உண்டு. வேலையில் அடிபட்டால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. விபத்து ஆலைக்குள் நடந்தது என்று பதிவேட்டில் எழுதாமல் அறைக்கு அனுப்பினால் நகராதீர்கள்.

இரண்டு: விரல் துண்டாகிவிட்டால், சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வையுங்கள். பனிக்கட்டி நேராக விரலில் படக்கூடாது. அருகில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடும் முன், ஒருவர் போன் செய்து எலும்பு டாக்டரும் மயக்க டாக்டரும் இப்போது இருக்கிறார்களா என்று கேளுங்கள். நாங்கள் அன்று இதைச் செய்யவில்லை. செய்திருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

மூன்று: 2021இல் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்பது சாலை விபத்துக்கு. வண்டலூர் வாலாஜாபாத் சாலையில் விழுந்தால் அது பொருந்தும்; பிரஸ் மெஷினுக்குப் பொருந்தாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நான்கு: நம்மில் உருது பேசுகிறவர்கள் இருக்கிறீர்கள். பீகாரிலிருந்து வந்தவன் தன் வலியை டாக்டரிடம் சொல்ல முடியாமல் நிற்கிறான். வாரத்தில் ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரியில் போய் நின்று மொழிபெயர்த்துக் கொடுங்கள். அவன் எந்த மதம், எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

வணிகச் சகோதரர்களே! இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை. உங்கள் கடையில், பட்டறையில், ஹோட்டலில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிறார்களா? ஈ.எஸ்.ஐ. கட்டுகிறீர்களா? ஒன்பது பேர் என்று எழுதிவிட்டுப் பதினாறு பேரை வைத்துக்கொண்டு, பெரிய கம்பெனியைக் குறை பேச நமக்கு என்ன யோக்கியதை?

இரண்டாவது, நூறு கடைக்காரர்கள் மாதம் முந்நூறு ரூபாய் போட்டால் முப்பதாயிரம் ரூபாய். நம் மஹல்லா மண்டபத்தில் ஒரு மகளிர் மருத்துவரையும் ஒரு கண் டாக்டரையும் வாரத்தில் ஒரு மாலை உட்கார வைக்க இதிலிருந்து தொடங்கலாம். ஊரார் எல்லாருக்கும் திறந்த கதவாக இருக்கட்டும். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு. டாக்டர் மாறினாலும் நோட்டு மாறாது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: அரசாங்கம் நாற்காலியை நிரப்பும்வரை நாம் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அதை அரசுக்குச் சாக்காகக் கொடுத்துவிடக் கூடாது.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் நான்கு. ஒவ்வோர் ஆஸ்பத்திரி வாசலிலும், டாக்டர் பெயரோடு அவர் எந்த நாள், எந்த நேரம் இருப்பார் என்று எழுத வேண்டும். இரவில் ஓர் எலும்பு டாக்டரும் ஒரு மயக்க டாக்டரும் இந்த வட்டாரத்துக்குள் இருக்கும்படி, அரசும் தனியாரும் ஆலைகளும் சேர்ந்து முறை வைக்க வேண்டும். நிரந்தரப் பணியிடத்தில் ஒப்பந்த டாக்டரை வைத்தால், எந்தத் தேதிக்குள் நிரந்தரமாக நிரப்பப்படும் என்று அறிவிக்க வேண்டும். அதுவரை அவருக்கு மாதம் பிறந்ததும் சம்பளம் போய்ச் சேர வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வேண்டும்.

கோஷம் போட்டுவிட்டுக் கலைந்து போனால் இது நடக்காது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். "எங்கள் வட்டார அரசு மருத்துவமனையில், ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் அனுமதிக்கப்பட்ட டாக்டர் பணியிடம் எத்தனை? நிரந்தரம் எத்தனை? ஒப்பந்தம் எத்தனை? காலி எத்தனை, எப்போதிலிருந்து?" இந்தக் கேள்விகளை இன்றிரவே எழுதுங்கள். பதில் வந்ததும் நம் பத்திரிகைக்கு அனுப்புங்கள். துறை துறையாகப் பட்டியல் போட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரிடம் போவோம்.

அந்தத் தம்பி இப்போது இருங்காட்டுக்கோட்டையில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறான். சென்ற வாரம் பார்த்தேன். இடது கையால் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். விண்ணப்பத்தில் முதல் கையெழுத்து அவனுடையதாக இருக்கட்டும் என்று கேட்டேன். சரி என்றான்.

இரண்டாவது கையெழுத்து யாருடையது?